இன்வெர்ட்டர் பேசும் பழைய மொழி: தந்தியிலிருந்து தோட்டத்துச் சூரிய மின்சாரம் வரை



சிரம்பான் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "சாயங்காலம் ஜெனரேட்டர் போடுவாங்க, பத்து மணிக்கு நிறுத்திடுவாங்க. அப்புறம் மண்ணெண்ணெய் விளக்குதான்" என்பார்கள். இந்நாட்டு மின்சார வரலாற்றில் நம்மவருக்கும் இடமுண்டு. 1894-இல் ராவாங் ஈயச் சுரங்கத்துக்கு மின்னியற்றி கொண்டுவந்தவர்கள் லோக் இயூவும் தம்புசாமி பிள்ளையும். 1949-இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. அதுவே 1965-இல் தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் மாறியது. 1990-இல் தெனாகா நேஷனல் அதன் இடத்துக்கு வந்தது.

இன்று பல கூரைகளில் சூரியத் தகடு இருக்கிறது. பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை வீட்டுக்கு வேண்டிய மாறுமின்னோட்டமாக்குவது இன்வெர்ட்டர். அதனிடம் நாம் நேரடியாகக் கேள்வி கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

மொழி எங்கிருந்து வந்தது?

பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோ 1874-இல் தம் தந்தி முறைக்குக் காப்புரிமை பெற்றார். 'பாட்' என்னும் வேக அளவு அவர் பெயரால் வந்தது. 1960-இல் அமெரிக்காவில் ஆர்எஸ்-232 என்னும் தொடர் இணைப்புத் தரம் வெளியானது. 1963-இல் எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி வந்தது. 1978-இல் வந்த விடி100 முனையம் திரையில் அந்த எழுத்துகளைக் காட்டியது. இன்றைய கணினியில் 'டெர்மினல்' மென்பொருள் அந்தப் பெட்டியின் வேலையைத்தான் செய்கிறது.

எப்படிப் பேசுவது?

ஆக்ஸ்பெர்ட் வகை இன்வெர்ட்டரை எடுத்துக்கொள்வோம். வேகம் 2400 பாட். ஓர் எழுத்துக்குத் தொடக்கம், 8 பிட், முடிவு என 10 பிட். ஆக, விநாடிக்கு 240 எழுத்து. 'கியூபிஐஜிஎஸ்' என்று அனுப்பினால், மின்வழங்கல் அழுத்தம், சுமை, பேட்டரி வோல்ட், வெப்பநிலை எல்லாம் ஒரே வரியில் அரை விநாடிக்குள் வந்துவிடும். கட்டளைக்குப் பின் பிழை காணும் இரண்டு பைட்டும் (இதற்குப் பி7, ஏ9), வரி முடிவுக் குறியும் சேர வேண்டும். அந்த இரண்டையும் விசைப்பலகையில் அடிக்க முடியாது. பதினாறடிமான எண் அனுப்பத் தெரிந்த டெர்மினல் வேண்டும்.

எழுத்துகள் குப்பையாக வந்தால் வேகம் பொருந்தவில்லை. எதுவுமே வரவில்லையா? அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் இடம் மாறியிருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள்.

ஏன் இது முக்கியம்?

எங்கள் பக்கத்துத் தோட்டக் கோயில் மண்டபத்தில் 48 வோல்ட் ஈய-அமில பேட்டரித் தொகுதி சீக்கிரமே செத்துப்போனது. விற்றவர், "மெஷினையே மாத்தணும்" என்றார். நாங்கள் கேபிளைச் செருகி, அமைப்புகளைக் கேட்கும் 'கியூபிஐஆர்ஐ' கட்டளையை அனுப்பினோம். வெட்டும் அளவு 42 வோல்ட் என்றிருந்தது. அதாவது ஒவ்வொரு 12 வோல்ட் பேட்டரியும் 10.5 வரை வறண்ட பிறகே சுமை துண்டிக்கப்பட்டது. இரவுக்கு இரவு அப்படி வறண்டால் எந்த ஈய பேட்டரியும் தாங்காது. மெஷின் நன்றாகத்தான் இருந்தது. புதிய பேட்டரி மாட்டி, அளவை 46-க்கு உயர்த்தினோம். பேட்டரிக்கான பணம் பக்தர்கள் வெள்ளி வெள்ளியாகப் போட்டது. முன்பே கேட்டிருந்தால் அது மிஞ்சியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை: கியூ-வில் தொடங்கும் கட்டளைகள் கேள்விகள், கேட்பதால் கெடுதல் இல்லை. பி-யில் தொடங்குபவை பெரும்பாலும் அமைப்பை மாற்றும், தெரியாமல் அனுப்பாதீர்கள். உள்ளே உயர் அழுத்தம் இருப்பதால் மூடியைத் திறக்கவே கூடாது.

தாத்தா காலத்தில் விளக்கை நிறுத்தும் நேரத்தை ஜெனரேட்டர்காரர் முடிவு செய்தார். இன்று அது நம் கையில் இருக்கிறது, படிக்கத் தெரிந்தால்.

பயிற்சி
1. 2400 பாட் வேகத்தில் 120 எழுத்து வர எவ்வளவு நேரம்?
2. 1894, 1949, 1990: இவற்றை மின்வழங்கல் வரலாற்றோடு தொடர்புபடுத்துக.
3. 42 வோல்ட் அமைப்பு ஈய-அமில பேட்டரியை எப்படிக் கெடுத்தது? விளக்குக.