பினாங்குக்குச் சட்டம் வந்த வரலாறு



நம் தோட்டப் பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகம் வரை சென்று பயில்கிறார்கள். அவர்களுள் சட்டம் படிப்போர் உண்டு. வணிகமும் நிருவாகமும் படிக்கும்போது சட்டத்தை ஒரு பாடமாக எடுப்போரும் உண்டு. முதல் நாளிலேயே அவர்களை மிரட்டுபவை சட்ட நூலில் உள்ள ஆங்கிலச் சொற்கள்தாம். பெற்றோராகிய நமக்கும் அச்சொற்கள் முற்றிலும் புதியவை அல்ல. சம்மன் என்றாலும் வாரண்டு என்றாலும் கேட்ட மாத்திரத்தில் நம்மில் பலருக்கு நெஞ்சு படபடக்கும். இச்சொற்கள் நம் நாட்டுக்குள் எந்த வாசல் வழியாக வந்தன, நம் முன்னோர் வாழ்வை எப்படித் தொட்டன என்பதை இன்று பார்ப்போம். அந்த வாசல் நம் பினாங்குதான்.

1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11-ஆம் நாள், பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் எடுத்துக்கொண்டார். கடைத்தெருவும் துறைமுகமும் விரைவாக வளர்ந்தன. மலாய்க்காரர், சீனர், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழர் எனப் பலரும் குடியேறினர். ஆனால் இவர்கள் அனைவருக்கும் பொதுவான சட்டம் எது என்பதற்கு விடை இல்லை. சிறு பிணக்குகளை அந்தந்த இனத்தின் தலைவரான காப்பித்தான் தீர்த்து வைத்தார். தமிழ் முஸ்லிம்களுக்குக் காதர் முகைதீன் காப்பித்தானாக விளங்கினார். காப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் அவரை நினைவூட்டுகிறது.

ஜான் டிக்கன்ஸ் என்ற வழக்கறிஞர் 1801-இல் இங்கு நீதிபதியாக வந்து சேர்ந்தார். எந்தச் சட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது என்பதே அவருக்குப் பெருஞ்சிக்கலாயிற்று. இங்கே நாம் கற்க வேண்டிய முதற்சொல் ‘ஜூரிஸ்டிக்‌ஷன்’. அதிகார வரம்பு என்பது அதன் பொருள். ஒருவர் நாற்காலியில் அமர்ந்துவிட்டால் மட்டும் நீதிபதி ஆகிவிடமாட்டார். எந்த இடத்தில், எவர்மீது, எந்த வகை வழக்கில் தீர்ப்புச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு என்பதைச் சட்டம் வரையறுத்திருக்க வேண்டும். ஒரு வழக்கறிஞர் இன்றும் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அந்த வரையறை 1807-ஆம் ஆண்டு மார்ச்சு 25-இல் வந்தது. இங்கிலாந்து மன்னர் பினாங்குக்கு ஒரு ‘சார்ட்டர்’ வழங்கினார். சார்ட்டர் என்றால் சாசனம். நம் மன்னர்கள் செப்பேட்டில் எழுதிக் கொடுத்த சாசனத்தைப் போன்றதே இதுவும். இந்த நீதிச் சாசனத்தின்படி பினாங்கில் ஒரு நீதிமன்றம் அமைந்தது. 1808-ஆம் ஆண்டு மே 31-இல் கார்ன்வாலிஸ் கோட்டையில் அது திறக்கப்பட்டது. அதன் நீதிபதிக்கு ‘ரெக்கார்டர்’ என்று பெயர். ஒலிப்பதிவுக் கருவியை எண்ணிவிட வேண்டா! அது அக்காலத்து நீதிப் பதவியின் பெயர். சர் எட்மண்ட் ஸ்டான்லி முதல் ரெக்கார்டர் ஆனார். ஆளுநரும் அவருடைய ஆலோசகர்களும் அதே மன்றத்தில் நீதிபதிகளாக அமர்ந்தனர். ஆள்பவரே தீர்ப்பும் சொல்லும் நிலை அன்று இருந்தது; பிற்காலத்தில்தான் அது மாறியது.

1826 நவம்பர் 27-இல் இரண்டாம் சாசனம் வந்தது. சிங்கப்பூரும் மலாக்காவும் பினாங்கோடு ஒரே நீதிமன்றத்தின் கீழ் வந்தன. மூன்றாம் சாசனம் 1855-இல் வந்தது. இவற்றின் வழியாகவே இங்கிலாந்தின் சட்டம் இந்த மண்ணில் கால் ஊன்றியது. இங்குள்ள மக்களின் சமயமும் பழக்கவழக்கமும் இடங்கொடுக்கும் அளவுக்கு அச்சட்டத்தைப் பொருத்திக்கொள்ள வேண்டும் என்ற கருத்தும் உடன் வந்தது.

இனி நம் முன்னோரின் கதைக்கு வருவோம். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருப்பது செபராங் பிறை. அன்று அதற்கு வெல்லஸ்லி மாநிலம் என்று பெயர். அங்கே கரும்புத் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். கப்பற் செலவையும் வழிச் செலவையும் முதலாளி முன்னதாகக் கொடுத்தார். தொழிலாளி பல ஆண்டுகள் உழைத்து அந்தக் கடனைக் கழிக்க வேண்டும். இதற்காக ஓர் ஒப்பந்தத் தாளில் கைநாட்டு வைத்தார்கள்.

ஒப்பந்தம் என்பதற்கு ஆங்கிலத்தில் ‘காண்ட்ராக்ட்’ என்று பெயர். சட்ட மாணவர் முதலில் படிக்கும் பாடங்களுள் இது ஒன்று. ஒருவர் ஒன்றைத் தருவதாகச் சொல்கிறார். அது ‘ஆஃபர்’, அதாவது முன்மொழிவு. மற்றவர் சரி என்கிறார். அது ‘அக்செப்டன்ஸ்’, அதாவது ஏற்பு. இருவரும் ஒருவருக்கொருவர் ஏதேனும் ஈடு தரவேண்டும், அது ‘கன்சிடரேஷன்’. உழைப்புக்குக் கூலி ஈடு. கூலிக்கு உழைப்பு ஈடு. இவற்றோடு இன்னொன்றும் வேண்டும்: ‘ஃப்ரீ கன்சென்ட்’, அதாவது மனமொப்பிய சம்மதம். மிரட்டியோ ஏமாற்றியோ பெற்ற சம்மதம் சம்மதம் ஆகாது. நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் இதையே சொல்கிறது. அந்தச் சட்டம் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தை அடியொற்றியது. பஞ்சத்தாலும் கடனாலும் ஊரைவிட்டுப் புறப்பட்டு, எழுதப் படிக்கத் தெரியாமல், தாளில் உள்ளது இன்னதென்று அறியாமல் கைநாட்டு வைத்த மனிதருடைய சம்மதத்தை இந்த அளவுகோலால் அளந்து பார்த்தால், அதில் எவ்வளவு தேறும்? நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்து இரண்டு சொற்கள்: ‘சிவில்’, ‘கிரிமினல்’. சிவில் வழக்கில் தோற்றவர் பெரும்பாலும் பணமோ இழப்பீடோ தருவார். கிரிமினல் வழக்கில் குற்றம் உறுதியானால் அரசு தண்டிக்கும், சிறையும் கிடைக்கலாம். இன்று வேலை ஒப்பந்தத்தை மீறினால் அது சிவில் விவகாரம். அன்று அப்படி இல்லை. முதலாளி தொழிலாளி பற்றிய 1823-ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் ஒன்று இருந்தது. முதலாளி கூலி கொடுக்கத் தவறினால், கூலியைக் கொடு என்று ஆணையிடுவார்கள், அவ்வளவுதான். தொழிலாளி தவணை முடியுமுன் வேலையை விட்டுப் போனாலோ, அவருக்கு மூன்று மாதம் வரை கடுங்காவல்! ஒரே ஒப்பந்தம், மீறினால் ஒருவருக்குப் பணக்கணக்கு, மற்றவருக்குச் சிறைக்கதவு.

இந்தச் சட்டம் பினாங்கிலும் செல்லுமா என்ற கேள்வி 1858-இல் எழுந்தது. இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி ஒருவர் ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேலையை விட்டு நீங்கினார். வில்லன்ஸ் என்ற மாஜிஸ்திரேட் அவரைத் தண்டிக்க மறுத்தார். விவகாரம் ரெக்கார்டர் சர் பென்சன் மேக்ஸ்வெல் முன் சென்றது. இங்கிலாந்தின் சட்டம் பினாங்குக்கு வந்தது என்றால், எந்த நாளில் இருந்த சட்டம் வந்தது? மேக்ஸ்வெல் ஆராய்ந்து சொன்ன விடை: இரண்டாம் சாசனத்தின் நாளான 1826 நவம்பர் 27 அன்று இங்கிலாந்தில் எந்தச் சட்டம் இருந்ததோ, அது.

ஒரு வழக்கின் தீர்ப்பு அடுத்து வரும் வழக்குகளுக்கு வழிகாட்டியானால் அதற்கு ‘பிரசிடென்ட்’ என்று பெயர், முன்தீர்ப்பு எனலாம். இத்தகைய தீர்ப்புகளால் வளர்ந்த சட்டமே ‘காமன் லா’. மேற்சொன்ன வழக்கும் ஒரு முன்தீர்ப்பாக நிலைத்துவிட்டது. மலேசியாவில் சட்டம் படிக்கும் மாணவர்கள் ‘ரெஜினா எதிர் வில்லன்ஸ்’ என்று இன்றும் அதைப் படிக்கிறார்கள். ரெஜினா என்பது அரசியைக் குறிக்கும் இலத்தீன் சொல். வழக்கின் தலைப்பில் அரசி இருக்கிறார், மாஜிஸ்திரேட் இருக்கிறார். யாருடைய உழைப்பும் உரிமையும் பற்றி அந்த வழக்கு எழுந்ததோ, அந்தத் தொழிலாளியின் பெயர் தலைப்பில் இல்லை. நம் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது இதையும் நினைத்துக்கொண்டு படிக்க வேண்டும் என்பது நம் விருப்பம்.

ஐரோப்பியர் அல்லாத மக்களின் உரிமைக்காக வாதாடியவர்களும் அக்காலப் பினாங்கில் இருந்தனர். 1869-இல் மறைந்த வழக்கறிஞர் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் அவர்களுள் ஒருவர். ஜார்ஜ் டவுன் உயர்நீதிமன்ற வளாகத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. அவ்வழியே போகும் பெற்றோர் பிள்ளைகளுக்கு அதைக் காட்டலாம்.

வேலையை விட்டு ஓடினால் சிறை என்ற நிலை எளிதில் மாறவில்லை. இங்கிலாந்தில் 1875-இல் அது நீக்கப்பட்டது. மலாயாவிலோ ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. தொழிலாளியைச் சிறையிலிடும் விதிகள் 1920-களின் தொடக்கத்தில்தான் ஒழிந்தன. 1954-இல் ஐந்து தொழிற்சங்கங்கள் ஒன்றிணைந்து தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவாயிற்று. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் கூலி, விடுமுறை, முன்னறிவிப்பு ஆகியவற்றை வகுத்தது. 1957-இல் சுதந்திரத்தோடு வந்த அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவு அடிமை முறையைத் தடைசெய்கிறது. கட்டாய உழைப்பையும் தடைசெய்கிறது. வேலைச் சட்டத்தில் பின்னர் செய்யப்பட்ட திருத்தம் ஒன்றின்படி, 2023-ஆம் ஆண்டு முதல், ஒருவரை அச்சுறுத்தியோ ஏமாற்றியோ வேலை வாங்கி, அவர் வெளியேற முடியாமல் தடுக்கும் முதலாளிதான் குற்றவாளி. 1858-இல் இருந்த நிலையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். தராசு எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பது விளங்கும்.

அதே அரசியல் சட்டத்தின் ஐந்தாம் பிரிவில் இன்னொரு பழஞ்சொல்லின் பொருள் அடங்கியுள்ளது: ‘ஹேபியஸ் கார்பஸ்’. ஆளை நேரில் கொண்டுவா என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ஒருவரைச் சட்டத்துக்குப் புறம்பாக அடைத்து வைத்திருப்பதாக முறையிட்டால், உயர்நீதிமன்றம் விசாரித்து, அது உண்மையானால் அவரை விடுவிக்க ஆணையிடும். கோவலன் கதையை நாம் அறிவோம். பாண்டியன் பொற்கொல்லனின் சொல்லை மட்டும் கேட்டான், கோவலனைக் கேட்கவில்லை. மறுதரப்பையும் கேட்க வேண்டும் என்பதுதான் ‘நேச்சுரல் ஜஸ்டிஸ்’, அதாவது இயற்கை நீதி என்பதன் உயிர். இக்கருத்து நமக்குப் புதிதன்று, சொல்தான் புதிது.

நிறைவாக, வீட்டுக்குப் பயன்படும் சில சொற்கள். ‘சம்மன்’ என்பது குறித்த நாளில் நீதிமன்றத்துக்கு வா என்னும் அழைப்பு. சாட்சிக்கும் அது வரும். ஆகவே அதைக் கண்டு ஒளிய வேண்டா. நாளைத் தவறவிடவும் வேண்டா. ‘வாரண்டு’ என்பது கைது செய்யவோ சோதனையிடவோ தரப்படும் ஆணை. ‘பெயில்’ என்பது ஜாமீன். மலாய் மொழியிலும் ஜாமின் என்றே சொல்கிறார்கள், இரண்டும் அரபு வழி வந்தவை. ‘அஃபிடவிட்’ என்பது சத்தியம் செய்து எழுதித்தரும் வாக்குமூலம். படித்துக் காட்டச் சொல்லாமல் அதில் கையெழுத்திடலாகாது. ‘லிமிட்டேஷன்’ என்பது காலவரம்பு. நியாயமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டதாகக் கருதும் தொழிலாளி, அறுபது நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் முறையிட வேண்டும். பேசிப் பார்ப்போம், பொறுத்துப் பார்ப்போம் என்று காத்திருந்து அந்த நாளைக் கடத்திவிட்டால், நியாயம் நம் பக்கம் இருந்தும் பயனில்லாமல் போகும்.

நம் முன்னோர் தாங்கள் படிக்க முடியாத சொற்களுக்குக் கீழே கைநாட்டு வைத்தார்கள். அந்தச் சொற்களே அவர்களைக் கட்டிப்போட்டன. இன்று அவற்றைப் படிக்க நம் பிள்ளைகளுக்குக் கண் திறந்திருக்கிறது. பல்கலைக்கழகத்தில் பயிலும் பிள்ளை விடுமுறைக்கு வீடு வரும்போது, வேலை ஒப்பந்தத்தையோ சம்பளச் சீட்டையோ எடுத்து, வரி வரியாகப் படித்துப் பொருள் சொல்லும்படி கேளுங்கள். பிள்ளைக்கும் பாடம் உறுதிப்படும். நமக்கும் நம் உரிமை தெரியவரும்.