ஒரு கரையும் மூன்று வைத்திய மரபுகளும்

கிழக்கிலங்கையின் கரையோரத் தெருவழியே மருதமுனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்வோர் பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்னும் ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காண்பர். முஸ்லிம்களும் தமிழரும் இவ்வூர்களில் அடுத்தடுத்து வாழ்கின்றனர். இரு சாராருக்கும் மொழி ஒன்று. தாய்வழிக் குடிமுறையும் பொது. இத்தகைய கரையில் ஓர் ஊரின் நோய் அடுத்த ஊரின் எல்லையில் நின்றுவிடுவதில்லை. ஆகவே, வைத்தியர் ஒன்றுபடுதல் இங்கே அறவுரை மாத்திரமன்று, வாழ்க்கையின் தேவையுமாகும்.

இவ்வுறவின் வேர் பழையது. போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முஸ்லிம்களுட் பலரைக் கண்டி மன்னன் செனரத் 1626ஆம் ஆண்டளவில் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பர். அதே கண்டி அரசின் மருந்தகத்தில் முஸ்லிம் வைத்தியரும் பணிபுரிந்தனர். பௌத்த மன்னன் தன் உடலை அவர்களிடம் ஒப்படைக்கத் தயங்கவில்லை.

தமிழரிடையே சித்த வைத்தியமும், சிங்களரிடையே ஆயுர்வேதமும் தேசிய சிகிச்சையும், முஸ்லிம்களிடையே யூனானியும் சிறந்து விளங்கின. யூனானி என்னும் பெயர் கிரேக்க நாட்டைக் குறிப்பது. பண்டைத் தமிழர் வழங்கிய ‘யவனர்’ என்னும் சொல்லும் அதே வேரினின்று பிறந்ததே. கிரேக்கர் வகுத்த மருத்துவத்தை இப்னு சீனா முதலிய அறிஞர் வளர்த்தனர். சித்தமும் ஆயுர்வேதமும் வாதம், பித்தம், கபம் என மூன்றைக் கூறும். யூனானியோ குருதி, கபம், மஞ்சட் பித்தம், கரும்பித்தம் என நான்கைக் கூறும். எண்ணிக்கை வேறுபடினும், சமநிலை குலைவதே நோய் என்னும் அடிப்படை ஒன்றே.

ஆங்கிலேயர் ஆட்சியில் மேனாட்டு வைத்தியமே அரசின் ஆதரவைப் பெற்றது. தனித்து நின்றால் தம் கலை அழியும் என்பதைச் சுதேச வைத்தியர் உணர்ந்தனர். சென்னையில் முகம்மது உஸ்மான் தலைமையில் அமைந்த குழு, மூவகை வைத்தியங்களையும் ஆராய்ந்து 1923இல் அறிக்கை அளித்தது. தில்லியில் ஹக்கீம் அஜ்மல்கான் நிறுவிய ஆயுர்வேத-யூனானிக் கல்லூரியைக் காந்தியடிகள் 1921இல் திறந்துவைத்தார். இலங்கையில் 1929ஆம் ஆண்டு கொழும்பிலே தொடங்கப்பெற்ற சுதேச வைத்தியக் கல்லூரியில் ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கப்பட்டன. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், சித்தம், யூனானி, தேசிய சிகிச்சை ஆகியவற்றையும் ஆயுர்வேதம் என்னும் சொல்லுள் அடக்கியது. ஓரினத்தின் மரபை உயர்த்தி மற்றவற்றைத் தாழ்த்தாமல், எல்லாவற்றுக்கும் ஒரே சட்டத்தில் இடமளித்தமையே அதன் சிறப்பு.

ஒற்றுமையின் உண்மையான சோதனை 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல்வழி வந்தது. ஆழிப்பேரலையால் இலங்கையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் அம்பாறையே மிகுதியான உயிர்களை இழந்தது. போரினால் பிரிந்திருந்த சமூகங்களை அலை பிரித்துப் பார்க்கவில்லை. கரையிற் காயமுற்றோர் பலர், சிங்களர் பெரும்பான்மையாக வாழும் அம்பாறை நகர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கிணறுகளிலே உப்பு நீர் புகுந்தது. முகாம்களிலே மக்கள் நெருங்கித் தங்கினர். எனினும், அஞ்சியவாறு பெருங்கொள்ளைநோய் பரவவில்லை. நீரைத் தூய்மைசெய்தும் நோய்க்குறிகளை நாள்தோறும் கண்காணித்தும் சுகாதாரப் பணியாளர் உழைத்தமை இதற்குப் பெருங்காரணமாயிற்று.

இன்று கல்முனையில் ஆதார வைத்தியசாலையும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் அருகருகே இயங்குகின்றன. நிந்தவூரில் தொற்றா நோய்களுக்கான ஆயுர்வேத ஆராய்ச்சி வைத்தியசாலை உள்ளது. நிருவாக எல்லை பற்றிய பிணக்குகள் இப்பகுதியில் ஓய்ந்தபாடில்லை. ஆயினும், டெங்கு நுளம்பு எவ்வெல்லையையும் அறியாது. நீரிழிவு எக்குடியையும் விலக்காது. ஒரு வைத்தியசாலை மற்றொன்றின் போட்டியாக அன்றித் துணையாக நிற்குமானால், 1929இல் ஒரே கூரையின்கீழ்க் கூடிய வைத்தியரின் எண்ணம் இக்கரையிலும் நிறைவேறும்.