வெற்றிடக் கலனில் திரவ மட்டம் அளத்தல்

காற்று உறிஞ்சப்பட்ட மூடிய கலனுக்குள் சாறோ, பாகோ, நீரோ எவ்வளவு உயரம் நிற்கிறது என்று வெளியிலிருந்து அறியும் முறை. கடலூர் மாவட்டத்தின் சர்க்கரை ஆலைகளுக்கும் நெய்வேலி அனல்மின் நிலையங்களுக்கும் இது அன்றாட வேலை.

1643-இல் இத்தாலிய அறிவியலாளர் டாரிசெல்லி கண்டது இதற்கு அடிப்படை: வெளிக்காற்று 760 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாங்கும், நீரென்றால் ஏறத்தாழ 10.3 மீட்டர். 1813-இல் இங்கிலாந்தின் எட்வர்டு ஹோவர்டு, பாகு கருகாமல் குறைந்த சூட்டில் கொதிக்க வெற்றிடப் பான் என்னும் கலனைக் கொண்டுவந்தார். நியூ ஆர்லியன்ஸில் பிறந்த நார்பர்ட் ரில்யூ, ஒரு கலனின் ஆவியாலேயே அடுத்த கலனைக் கொதிக்க வைக்கும் அடுக்கு ஆவியாக்கிக்கு 1840-களில் காப்புரிமை பெற்றார். கடலூர் மாவட்ட நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை எழுந்ததும் அதே பத்தாண்டில்தான்.

திறந்த தொட்டியின் அடியில் ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்தினால் போதும், மட்டம் தெரிந்துவிடும். வெற்றிடக் கலனில் அப்படிச் செய்தால் வெளிக்காற்று குழாய்நீரை உள்ளே தள்ளிவிட்டுத் தானும் நுழையும். 650 மில்லிமீட்டர் வெற்றிடம் என்றால், காற்று ஏறக்குறைய 8.8 மீட்டர் நீர்த்தம்பத்தின் பலத்தோடு தள்ளுகிறது! ஆகவே குழாயின் மேல்முனையைக் கலனின் ஆவிப்பகுதியோடு இணைக்க வேண்டும். பின்னால் வந்த கருவிகளுக்கும் தலைவலி பெரும்பாலும் இந்த மேல்முனையில்தான்.

இணைத்த பிறகும் கேஜ் கிளாஸ் எனப்படும் இந்தக் கண்ணாடிக் குழாயை அப்படியே நம்ப முடியாது. உள்ளே சாறு நுரைத்துக் கொதிக்கும். குழாயிலோ ஆறிய, நுரையற்ற, கனத்த சாறு. அதனால் கண்ணாடி உண்மையைவிடக் குறைத்தே காட்டும். நிமிர்ந்த குழாய்களுள்ள ஆவியாக்கியில் சாறு அக்குழாய் உயரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு நின்றால் நல்லது. ஏறினால் சாற்றின் சொந்த எடையே அடியில் கொதிநிலையை உயர்த்திவிடும். வெற்றிடம் ஆழமாகும்போது இந்த விளைவும் கூடும். மிக இறங்கினால் குழாய் காய்ந்து சர்க்கரை பற்றிக்கொள்ளும்.

பானில் பாகு இறுகியபின் கேஜ் கிளாஸுக்கு வேலையே இல்லை. பக்கவாட்டுக் கண்ணாடிச் சாளரங்கள் வழியே பான் இயக்குபவர் பார்த்துச் சொல்வதே கணக்கு. வெற்றிடம் கலையாமல் மாதிரி எடுக்கத் தனிக் கோல் உண்டு.

நெய்வேலியில் சோவியத் உதவியோடு எழுந்த முதல் அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கியது, 2020-இல் மூடப்பட்டது. இத்தகைய நிலையங்களில் நீராவிச் சுழலியிலிருந்து வரும் ஆவியை நீராக்கும் கண்டென்சரும் வெற்றிடத்தில் இயங்குவதுதான். அதன் அடித்தொட்டியான ஹாட்வெல்லில் நீர் குறைந்தால் பம்பு திணறும். மிகுந்தால் குளிர்விக்கும் குழாய்கள் மூழ்கி வெற்றிடம் கெடும்.

இத்தகைய இடங்களில் கலனின் மேல், கீழ் இணைப்புகளுக்கிடையிலான அழுத்த வேறுபாட்டைக் கொண்டு மட்டத்தைச் சொல்லும் டிரான்ஸ்மிட்டர் புழங்குகிறது. மேல்முனைக் குழாயைக் காலியாக விட்டால் ஆவி குளிர்ந்து நீர் சேரும். நீர் நிரப்பி வைத்தாலோ வெற்றிடம் திடீரென ஆழமாகும்போது அது ஆவியாகிவிடும். இரண்டிலும் மட்டம் பொய். சிலிக்கோன் எண்ணெய் அடைத்த நுண்குழாயும் உதரவிதானமும் அதற்கு மாற்று. ஆனால் டிரான்ஸ்மிட்டரைக் கீழ் இணைப்புக்கும் தாழ்வாக வைக்க வேண்டும்; இல்லையேல் வெற்றிடம் எண்ணெயையும் இழுத்துப் பார்க்கும்.

மீயொலிக் கருவி இங்கே நம்பத்தக்கதல்ல: ஒலி செல்லக் காற்றோ வேறு ஊடகமோ வேண்டும். ரேடார் அலைக்கு அது தேவையில்லை. நுரையும் சர்க்கரைப் படிவும்தான் அதன் எதிரிகள். டிரான்ஸ்மிட்டரும் ரேடாரும் வந்த பின்னும் சர்க்கரைத் தொழில் கண்ணாடிச் சாளரத்தைக் கைவிடவில்லை. கருவி காட்டும் எண்ணில் சந்தேகம் வந்தால் சரிபார்க்கும் இடம் அதுதான்.