மண்ணின் பூர்வீகமும் புதைந்த தாதுவும்: ஒரு வரலாற்று ஆய்வு

மேல்மண்ணைச் சோதித்து அடியில் புதைந்த தாதுவைத் தேடும் முறையின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. எவ்வளவு நுண்ணிய அளவுவரை உலோகத்தை அளக்க முடிந்தது என்பதைக் கொண்டே முன்னேற்றம் மதிப்பிடப்படுகிறது. இக்கட்டுரை வேறொரு கேள்வியைப் பின்தொடர்கிறது. அள்ளிய மண், கீழுள்ள பாறை அங்கேயே சிதைந்து உண்டானதா, வேறெங்கிருந்தோ வந்து படிந்ததா? இத்துறை வளர்ந்தது இந்தக் கேள்வியை எதிர்கொண்டபோதுதான் என்பது என் வாதம்.

முறையான மண் ஆய்வு 1930களில் சோவியத் ஒன்றியத்தில் தொடங்கியது. தாதுப் படிவு சிதையும்போது அதன் உலோகம் சுற்றிலும் ஒளிவட்டமாகப் பரவி நிற்கும் என்ற கருத்தை 1936இல் அந்நாட்டு ஆய்வாளர் சஃப்ரோனோவ் விளக்கினார். நிறமாலைமானி அந்தப் பரவலை அளந்து காட்டியது. போருக்குப் பின் அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையினர் டித்திசோன் என்ற வேதிப்பொருளைக் களத்துக்கே கொண்டுசென்றனர். அதன் பச்சைக் கரைசல் துத்தநாகம் சேர்ந்ததும் சிவக்கும். முகாமிலேயே முடிவு தெரிந்துவிடும். இவ்வளவும் அந்தந்த இடத்திலேயே விளைந்த மண்ணுக்குப் பொருந்தியது.

முதல் எச்சரிக்கைகளில் ஒன்று ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1954இல் ஜான் வெப் தொடங்கிய ஆய்வு மையம், இன்றைய சாம்பியாவின் செம்பு வளையப் பகுதியில் விரிவாக உழைத்தது. அங்கு மழைக்காலத்தில் நீர் தேங்கும் புல்வெளித் தாழ்வுகளை ‘டாம்போ’ என்பர். மேட்டில் உள்ள தாதுவிலிருந்து செம்பு நிலத்தடி நீரில் கரைந்து இறங்கி, டாம்போவின் ஓரத்தில் தேங்கிவிடும். மண்ணில் செம்பு மிகுந்த இடம் ஒன்று, தாது கிடக்கும் இடம் வேறு. மண்ணின் எண்ணை வாசிக்குமுன் நிலத்தின் சரிவையும் நீரின் போக்கையும் வாசிக்க வேண்டும் என்பதை இது உணர்த்தியது.

ஆலன் வால்ஷ் 1955இல் வெளியிட்ட அணு உட்கவர் நிறமாலை முறை சோதனையை மலிவாக்கியது. 1960களில் மாதிரிகள் மலைபோல் குவிந்தன. ஆனால் பனியாறு பாறையை அரைத்துத் தள்ளிக்கொண்டுபோன கனடாவிலும் பின்லாந்திலும், பனி நகர்ந்த திசை தெரியாமல் அந்த எண்களால் பயனில்லை.

கேள்வி முழு வடிவம் பெற்றது ஆஸ்திரேலியாவின் வறண்ட சமவெளிகளில். அங்கு மேலே கிடப்பது பெரும்பாலும் காற்றும் வெள்ளமும் கொண்டுவந்த மண். 1980களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர் மெல் லின்டர்னும் உடன் உழைத்தோரும், மண்ணுக்குள் இறங்க இறங்கத் தங்கத்தின் அளவு சுண்ணாம்பின் அளவோடு சேர்ந்தே ஏறி இறங்குவதைக் கண்டனர். எனவே மேற்புழுதியை விட்டுவிட்டு, அதன்கீழ் சுண்ணாம்பு உறைந்து உண்டான சுக்கான்கல்லை எடுத்துச் சோதிக்கத் தொடங்கினர். தெற்கு ஆஸ்திரேலியாவின் காலர் நிலப்பகுதியில் 1995இல் சேலஞ்சர் தங்கப் படிவு இப்படித்தான் வெளிப்பட்டது. அங்கே சுக்கான்கல்லில் கிடைத்த உச்ச அளவு நூறு கோடியில் 620 பங்கு, அதாவது டன்னுக்கு அரை கிராமுக்குச் சற்று மேல். சாதாரணப் பாறையில் இருப்பது சில பங்குகளே. என் பார்வையில் இத்துறையின் மிக அழகான கண்டுபிடிப்பு இது. புதிய கருவியால் அல்ல, எந்த அடுக்கைத் தோண்டுவது என்ற தெளிவால் கிடைத்தது.

வந்து படிந்த மண்ணைத் துளைத்து உலோகம் மேலேறுவது எப்படி? சிலியின் ஸ்பென்ஸ் செம்புப் படிவில், நிலநடுக்கம் உலோகம் கரைந்த உப்பு நீரைப் பிளவுகள் வழியே மேலே தள்ளியதாக ஆய்வாளர் கேமரனும் பிறரும் விளக்கினர். லின்டர்ன் குழு 2013இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் தைல மர இலைகளுக்குள் தங்கத் துகள்களைக் காட்டியது. தாதுவோ 30 மீட்டருக்கும் கீழே. வேர் உறிஞ்சிய தங்கம் உதிர்ந்த இலைகளோடு மண்ணில் சேர்கிறது. நிலநடுக்கமே இல்லாத இடத்துக்கு முதல் விளக்கம் உதவாது. ஆழ வேர்விடும் மரமில்லாத பாலைக்கு இரண்டாவது உதவாது. ஆகவே இன்று தேர்ந்த குழுக்கள் மாதிரி எடுக்குமுன்பே, எது சொந்த மண், எது வந்த மண் எனப் பிரித்துக் காட்டும் வரைபடத்தைத் தயாரித்துக்கொள்கின்றன.