வாசற்படி வரை: தமிழ்நாட்டில் முதியோர் உணவின் வரலாறு

தமிழ்நாட்டில் பசித்தவருக்குச் சோறிட்ட அமைப்புகளின் வரலாறு நீண்டது. எனினும் அவற்றில் பெரும்பாலானவை தம் கால்களால் நடந்து வரக்கூடியவரை மனத்தில் கொண்டு எழுந்தவை. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-இல் கிழக்கிந்தியக் கும்பினி அரசின் ரெசிடெண்டுக்கு (பிரதிநிதிக்கு) எழுதிய கடிதம் இதற்கு நல்ல சான்றாகும். சேதுவுக்குச் (இராமேசுவரத்துக்குச்) செல்லும் வழியில் அமைந்த சத்திரங்களில் எல்லாச் சாதியாருக்கும் சோறு வழங்கப்பட்டதையும், சமைத்த சோற்றை உண்ண விரும்பாதவர் அரிசியும் பிற பண்டங்களுமாகப் பெற்றுக்கொண்டதையும், நள்ளிரவில் மணியடித்து இன்னும் உண்ணாதவர் உண்டா என்று கேட்கப்பட்டதையும் அக்கடிதம் விரிவாக எடுத்துரைக்கிறது. வழியில் நோயுற்றவருக்கு மருந்தும் பத்திய உணவும் கொடுக்கப்பட்டன. இத்தனை நுணுக்கமாகத் திட்டமிடப்பட்ட அறமும் வழிப்போக்கருக்கே உரியதாக இருந்தது. சத்திரத்துக்கு அருகில் உள்ள தெருவில், திண்ணையை விட்டு இறங்க முடியாமல் கிடந்த கிழவியின் காதில் அந்த மணியோசை விழுந்திருக்கலாம், சோறு அவளிடம் வந்திருக்க வழியில்லை. வடலூரில் வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமச்சாலை சாதியும் வழிபாடும் கேளாமல் பசி ஒன்றையே தகுதியாகக் கொண்டது. அதுவும் தேடி வந்தவருக்கு இட்ட சோறே.

வீட்டிலிருக்கும் முதியவரின் உணவு குடும்பத்தின் பொறுப்பு என்று கருதப்பட்டதே இதற்குக் காரணமாகும். பிற்காலச் சட்டமும் இக்கருத்தையே எழுத்தில் வடித்தது. 1956-ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் வயது முதிர்ந்த பெற்றோரைக் காக்கும் கடமையை மகனுக்கும் மகளுக்கும் விதித்தது. 2007-இல் இயற்றப்பட்ட பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலச் சட்டம் ‘பராமரிப்பு’ என்னும் சொல்லுக்குள் உணவையும் வெளிப்படையாகச் சேர்த்தது. ஆனால் மகன் மீது தாய் வழக்குத் தொடுப்பது அரிது என்பதால், இச்சட்டங்கள் அடுப்படி வரை எட்டிய தூரம் குறைவே எனலாம்.

அரசு இத்துறையில் நுழைந்தது 1962-இல், முதியோர் ஓய்வூதியத் திட்டத்தின் வழியாக. ஊர்ப்புறங்களில் இன்றும் ‘ஓ.ஏ.பி. பணம்’ என்று வழங்கும் இத்தொகை, வருவாயும் ஆதரிக்கும் மகனும் இல்லாத ‘ஆதரவற்றோருக்கு’ என்று வரையறுக்கப்பட்டது. இவ்வரையறை ஆழ்ந்து நோக்கத்தக்கது. முதுமையில் உடல் நலிவது வறுமையால் மட்டுமே என்றும், மகன் இருக்கும் வீட்டில் பசி இராது என்றும் அது கொண்டது. இரண்டும் பாதி உண்மைகளே.

1982 சூலையில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் குழந்தைகளுக்கெனத் தொடங்கிய சத்துணவுத் திட்டம், 1983 சனவரியில் முதியோர் ஓய்வூதியம் பெறுவோருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. முதன்முறையாக, ஒவ்வோர் ஊரிலும் அரசின் அடுப்பில் வெந்த சோறு முதியவருக்கு உரிமையாயிற்று. ஆனால் சத்துணவு மையம் வரை நடக்க வேண்டும், பேரக்குழந்தைகளின் வயதுடையவர் நடுவே தட்டேந்த வேண்டும். முழங்கால் வலிக்கும் தன்மானத்துக்கும் இடையில் பலர் வீட்டிலேயே தங்கிவிடக்கூடும் என்பதை நிர்வாகமும் உணர்ந்தே இருந்தது போலும்: மையத்தில் உண்பவருக்கு மாதம் 2 கிலோ அரிசி, உண்ணாதவருக்கு 4 கிலோ அரிசி என்னும் ஏற்பாடு பின்னர் நடைமுறைக்கு வந்தது. சரபோஜியின் சத்திரத்தில் சமைத்த சோறா, அரிசியா என்ற தேர்வு ஆசாரம் பற்றியதாக இருந்தது. இங்கோ அது கால் வலிமை பற்றியதாக மாறியது.

அந்த 4 கிலோவைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுடையது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 130 கிராம் அரிசி, அதாவது சுமார் 450 கலோரி ஆற்றலும் 9 அல்லது 10 கிராம் புரதமும் அதிலிருந்து கிடைக்கும். உடலின் தசையைக் கட்டிக்காக்கும் சத்தே புரதம். முதியோருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் அது நாள்தோறும் வேண்டும் என்பது 2013-இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று வெளியிட்ட பரிந்துரை. அதன்படி 45 கிலோ எடையுள்ள மூதாட்டிக்குத் தேவையான புரதத்தில் ஐந்தில் ஒரு பங்கையே அந்த அரிசி தரும். மீதி பருப்பு, முட்டை, மீன், மோர் ஆகியவற்றிலிருந்து வர வேண்டும். பல் இல்லாதவர்க்கும், காலையில் ஆக்கிய குழைந்த சோற்றை ரசத்தோடு இருவேளை உண்டு முடிப்பவர்க்கும் வராமற்போவதும் இவையே. வயது ஏற ஏறச் சுவையும் மணமும் மங்குகின்றன, தாகமும் பசியும் தம் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றன. ‘வயசானா சாப்பாடு குறையத்தான் செய்யும்’ என்று வீட்டார் அதற்கு விளக்கம் கூறிவிடுகின்றனர். ஆகவே வசதியுள்ள வீட்டிலும், நிறைந்த அரிசிப் பானைக்கு அருகிலேயே, ஊட்டக்குறைவு நேர்கிறது.

இந்நிலையை எப்படிக் கண்டறிவது என்பதில்தான் குழந்தைக்கும் முதியவருக்கும் இடையிலான வேறுபாடு துலங்குகிறது. உலக வங்கியின் உதவியோடு 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் தராசில் நிறுத்தி, எடையை வளர்ச்சி அட்டையில் குறித்து, கோடு தாழ்ந்தவருக்குக் கூடுதல் உணவு அளித்தது. எடை குறைவதை நோய்க்கு முந்திய எச்சரிக்கையாகக் கொண்ட அம்முறை முதியோருக்கு நீட்டிக்கப்படவில்லை. பிரான்சின் துலூஸ் நகரத்து முதியோர் மருத்துவர்கள் 1990-களில் உருவாக்கிய வினாத்தாளும், 2003-இல் பிரிட்டனில் வெளியான மதிப்பீட்டு முறையும் இக்குறையை நிரப்ப முயன்றவை. மூன்று முதல் ஆறு மாதங்களில், தாமே முயலாமல், உடல் எடையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் குறைந்தால் அதைப் பிரிட்டன் முறை ஆபத்துக் குறியாகக் கொள்கிறது. தராசு இல்லாத வீட்டில் கெண்டைக்காலின் சுற்றளவு 31 சென்டிமீட்டருக்குக் கீழ் உள்ளதா என்று நாடாவால் அளந்தாலே துலூஸ் முறைக்குப் பயன்படும். மோதிரம் விரலில் சுழல்வதும், பல்செட் ஆடுவதும், ரவிக்கை தொளதொளப்பதும் அதே செய்தியைச் சொல்பவை.

சமைத்த உணவையே வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் வேறு நாடுகளில் வேரூன்றியது. பிரிட்டனில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து மகளிர் தொண்டர் படையினர் அதற்கு வழிகாட்டினர். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில், தாமே சக்கர நாற்காலியில் வாழ்ந்த டோரிஸ் டெய்லர் அமைத்த இயக்கம் 1954-இல் எட்டு முதியவர்களுக்கு முதல் சாப்பாட்டை வழங்கியது. அமெரிக்கச் சட்டம் ஒவ்வொரு வேளை உணவும் ஒருநாள் சத்துத் தேவையில் மூன்றில் ஒரு பங்கேனும் தர வேண்டும் என்று விதித்தது. அங்கு அளவுகோல் சத்து. தமிழ்நாட்டில் அது தானியமாகவே நீடித்தது. ஓய்வூதியம் கிட்டாத முதியோருக்கு 2000-இல் வந்த மத்திய அரசின் அன்னபூர்ணா திட்டமும் மாதம் 10 கிலோ தானியமே தந்தது. சென்னையில் 2013-இல் திறக்கப்பட்ட அம்மா உணவகங்கள் ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் தந்து தனித்து வாழும் முதியோருக்கும் கைகொடுத்தன. அவையும் நடந்து வருவோருக்கானவையே.

2025 ஆகஸ்டில் தொடங்கிய முதலமைச்சரின் தாயுமானவர் திட்டம் அந்தத் திசையை மாற்றியது. எழுபது வயதைக் கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள்களை வீட்டுக்கே கொண்டுசென்ற இத்திட்டத்தின் பயனாளிகளாக 20 லட்சத்துக்கும் மேற்பட்ட முதியோர் கணக்கிடப்பட்டனர். பெயர்த் தேர்வு பொருத்தமானதே: காவிரி வெள்ளத்தால் ஆற்றைக் கடக்க முடியாது நின்ற தாய்க்கு மாற்றாக, பேறுகாலத்தில் இருந்த மகளின் வீட்டுக்கே இறைவன் தாயுருவில் சென்றான் என்பது திருச்சி மலைக்கோட்டையின் தல வரலாறு. தாயுருவில் வந்தவர் அங்கே சமைத்தும் பேணியும் இருந்திருப்பார். ஆனால் இத்திட்டத்தின் வண்டியில் வந்தவை அரிசியும் சர்க்கரையும் பருப்பும் எண்ணெயும், அவற்றை வாசலிலேயே எடை போட்டுத் தர ஒரு மின்னணுத் தராசும்.