மாண்டவிக் கரையில் ஒரு நகரம்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதனை ஆண்ட மன்னர்களையும், அங்கு நிகழ்ந்த போர்களையும் முதற்கண் கூறுதல் மரபு. அம்மரபு பிழையன்று. ஆயினும், மக்கள் அவ்வூருக்குள் எவ்வழியே வந்தனர், ஆற்றை எங்கே கடந்தனர், சேற்றை எங்கே தூர்த்தனர், பாதையை எதன்மேல் அமைத்தனர் என்பவற்றையும் ஆராய்ந்தால் அரசாணைகளில் காணாத பல உண்மைகள் விளங்கும். ஆற்றில் இறங்கும் இடத்தையும், அறிவின் பகுப்பையும் 'துறை' என்னும் ஒரே சொல்லால் நம் முன்னோர் குறித்தனர். துறை அறிந்து இறங்குபவனே ஆற்றையும் அறிவான், கலையையும் அறிவான் என்பது அவர்தம் கருத்துப் போலும்.

நாம் இன்று வாழும் கோவா நாட்டின் தலைநகராகிய பணஜி, இம்முறையில் ஆராய்தற்கு மிகவும் ஏற்ற நகரம். 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கின்படி நகராட்சி எல்லைக்குள் வாழ்ந்தோர் சுமார் 40,000 பேரே. சென்னையின் ஒரு பேட்டைக்குள் அடங்கிவிடும் அளவினதாகிய இச்சிற்றூரைக் காண நம் உற்றாரும் நண்பரும் ஆண்டுதோறும் வருகின்றனர். வருவோர் பெரும்பாலும் கடற்கரைகளைக் கண்டு, கடைத்தெருவில் முந்திரிப்பருப்பு வாங்கி, மறுநாள் வண்டி ஏறிவிடுகின்றனர். அவர்களுக்கு இந்நகரைக் காட்டும் பொறுப்பு நம்முடையது. எதை முதலில் காட்டுவது, எவ்வழியே அழைத்துச் செல்வது என்னும் வினாக்களுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பணஜியின் முதற்பாதை மாண்டவி ஆறு. மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றும் இவ்வாறு, கடலொடு கலக்கும் முகத்துக்கு அருகில், இந்நகரைத் தன் தென்கரையில் தாங்கி நிற்கின்றது. ஆற்றுமுகத்தைக் காப்பவனே உள்நாட்டு வாணிகத்தைக் காப்பான் என்பதை உணர்ந்த பீஜப்பூர் ஆதில்ஷா மரபினர் இக்கரையில் ஒரு கோட்டை மாளிகையை எழுப்பினர். 1510-ஆம் ஆண்டு போர்ச்சுகீசியத் தளபதி அல்போன்சோ த அல்புகர்க்கு முதலில் கைப்பற்றியது இக்கோட்டையையே. அவ்வாண்டின் இடையில் கோவாவை இழந்த அவர், நவம்பர் 25-ஆம் நாள் மீண்டும் அதனை வென்றார். அன்று தொடங்கிய அந்நிய ஆட்சி 1961 டிசம்பர் 19 வரை, நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

ஆனால், அக்காலத்தில் பணஜி தலைநகராக இருக்கவில்லை. ஆற்றின்வழியே கிழக்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பழைய கோவாவே தலைநகரம். பணஜியோ கப்பல்கள் கடந்து செல்லும் காவல்துறையாகவும், தென்னந்தோப்பும் சதுப்பும் சூழ்ந்த சிற்றூராகவும் இருந்தது. இங்குள்ள குன்றின்மேல் 1541-இல் எழுந்த சிறு தேவாலயம் 1619-இல் பெரிதாகக் கட்டப்பெற்றது. லிஸ்பனிலிருந்து பல மாதம் கடலில் உழன்று வந்த மாலுமிகள் முதன்முதல் கரையிறங்கி, உயிர் பிழைத்தமைக்கு இங்கு நன்றி செலுத்திய பின்னரே மேற்கொண்டு தலைநகருக்குச் சென்றனர் என்பர். ஆக, பணஜியின் பழமையான வேலை வருவோரை வரவேற்று மேலே அனுப்புவதாகவே இருந்தது.

அவ்வாறு அனுப்புதற்கு நெடுங்காலம் ஆறு ஒன்றே வழி. நிலவழியே செல்ல முயன்றால் பணஜிக்கும் ரிபந்தருக்கும் இடையே உப்பளமும் கண்டல் காடும் செறிந்த சேற்றுநிலம் குறுக்கிட்டது. 1633-34-ஆம் ஆண்டுகளில், லின்யாரிஸ் பிரபு என்னும் பட்டம் பெற்ற மிகேல் த நோரோன்யா அரசப் பிரதிநிதியாக இருந்தபோது, அச்சேற்றுநிலத்தின்மேல் சுமார் 3 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லால் ஒரு பாலச்சாலை அமைக்கப்பெற்றது. கழிநீர் ஏறி இறங்குதற்கு வளைவுகள் விடப்பெற்றன. ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கடந்த பின்னரும், அதை அமைத்தவர் கனவிலும் கண்டிராத மோட்டார் வண்டிகளை அச்சாலை இன்றும் தாங்குகின்றது. அதன்மேல் நாள்தோறும் செல்வோருள் பலர் அதனைச் சாதாரணச் சாலை என்றே எண்ணுகின்றனர். பழையது என்று பெயர்ப்பலகை கூறும் கட்டடத்தை நாம் வணங்குகின்றோம். காலின்கீழ் உழைத்துக்கொண்டிருக்கும் பழமையை மறந்துவிடுகின்றோம்.

இப்பாலச்சாலையே பணஜியின் தலைவிதியை மாற்றியது எனலாம். பழைய கோவாவைக் கொள்ளை நோய்கள் அடுத்தடுத்துத் தாக்கின. ஆற்றில் மணல் மேலிட்டது. டச்சுக்காரரின் போட்டியால் வாணிகமும் தளர்ந்தது. அரசப் பிரதிநிதிகள் தம் உறைவிடத்தைப் படிப்படியாக மேற்கே நகர்த்தினர். 1759-இல் ஆதில்ஷாவின் பழைய மாளிகையே அவர்தம் இருப்பிடமாயிற்று. 1827 முதல் 1835 வரை ஆட்சி புரிந்த மனுவேல் த போர்ச்சுகல் எ காஸ்ட்ரோ சதுப்புகளைத் தூர்த்து, நேர்த்தெருக்களை வகுத்தார். 1843-இல் அரசாணையால் பணஜி 'நோவா கோவா' என்னும் பெயருடன் முறைப்படி தலைநகராயிற்று. மாண்டுபோன நகரத்தின் இடிபாட்டுக் கற்களும் இப்புதிய நகரத்தின் சுவர்களில் இடம்பெற்றன. சமயத் துறவிகளின் மடங்கள் 1835-இல் கலைக்கப்பட்ட பின், பழைய கோவாவில் அகுஸ்தீனியர் கோயிலில் இருந்த பெருமணியும் பின்னாளில் பணஜிக் குன்றின் தேவாலயத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த மணியோசையைக் கேட்கும்போது நாம் இரண்டு நகரங்களின் குரலைக் கேட்கின்றோம்.

இனி, நகரைக் காணும் முறையைக் கூறுவோம். பணஜியை வண்டியில் இருந்தபடியே காண முயலுதல் வீண். இது கால்நடையாகக் காணவேண்டிய ஊர். வெயில் ஏறுமுன் ஆற்றங்கரையில் ஆதில்ஷா மாளிகையின் முன் தொடங்குதல் நலம். அருகிலேயே, ஒரு பெண்ணின்மேல் கைகளை நீட்டி நிற்கும் ஆடவனின் வெண்கலச் சிலை 1945 முதல் நிற்கின்றது. முன்பின் அறியாதார் அதனைக் கண்டு திடுக்கிடுவர். 1756-இல் ஆற்றுக்கு வடக்கே காண்டோலிமில் பிறந்து, பாரிசு நகரம் சென்று, அறிதுயில் கலையை ஆராய்ந்து புகழ்பெற்ற அபே ஃபாரியாவின் உருவம் அது. பிறந்த மண்ணை விட்டுப் போய்ப் பிற நாட்டில் பெயர் நாட்டிய ஒருவருக்கு இந்நகரம் செய்த சிறப்பு, புலம்பெயர்ந்து வாழும் நம்மனோர் நெஞ்சைத் தொடுவதாகும்.

அங்கிருந்து சிறிது தொலைவு நடந்தால் தேவாலயக் குன்றின் படிக்கட்டுகளை அடையலாம். குன்றின் மறுபுறம் சரிவில் இறங்கினால் ஃபோந்தைன்யாஸ் என்னும் பழைய குடியிருப்பு எதிர்ப்படும். அடிவாரத்து நீரூற்றால் பெற்ற பெயர் இது. மொசாம்பிக்கிலிருந்து செல்வத்துடன் திரும்பிய கோவாக்காரர் ஒருவரின் தோப்பாக இருந்த நிலம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தெருக்களாக மாறியது என்பர். மஞ்சளும் நீலமும் காவியும் பூசிய வீடுகள், ஓட்டுக் கூரைகள், சிறு மாடங்கள், ஒருவர் பின் ஒருவராகச் செல்லத்தக்க சந்துகள் ஆகியவற்றை இங்குக் காணலாம். புனித செபஸ்தியார் சிற்றாலயத்திலுள்ள சிலுவை, ஒரு காலத்தில் பழைய கோவாவின் சமய விசாரணை மன்றத்தில் இருந்தது. 1560 முதல் 1812 வரை, சிறு இடைவெளி தவிர, எண்ணற்ற மக்களை நடுங்கவைத்த மன்றம் அது. வண்ணச் சுவர்களின் முன் நின்று புகைப்படம் எடுப்போர் அச்சிலுவையின் முன்னும் ஒரு கணம் நிற்றல் வேண்டும். ஃபோந்தைன்யாஸ் மக்கள் குடியிருக்கும் இடம், காட்சிச்சாலை அன்று. பிறர் வாயிலில் நின்று உரக்கப் பேசுதலை நம் விருந்தினர் தவிர்ப்பார்களாக.

நகரத்துக்கு வெளியே செல்லும் வழிகளும் அறியத்தக்கன. பணஜி நகருக்குள் இருப்புப்பாதை இல்லை. 1888-இல் முற்றுப்பெற்ற மர்மகோவா இருப்புப்பாதை துறைமுகத்தை நாடிச் சென்றது, தலைநகரை நாடவில்லை. தமிழகத்திலிருந்து நம்மவர் நெடுங்காலம் வந்த குண்டக்கல், ஹூப்ளி, லோண்டா வழியின் இறுதிப் பகுதி இதுவே. 1998-இல் கொங்கண் இருப்புப்பாதை முழுமையுற்ற பின், பழைய கோவாவை அடுத்த கர்மலி நிலையம் பணஜிக்கு அண்மையதாயிற்று. ஊர்களுக்கிடையே செல்லப் பேருந்துகள் உண்டு. 1980-இல் தோன்றிய அரசுப் போக்குவரத்துக் கழகம் கோவாவை முன்னாளில் ஆண்ட கடம்பர் மரபின் பெயரைத் தாங்கியுள்ளது. தனியாக வருபவர், 'பைலட்' என்று இங்கு வழங்கும் மோட்டார் சைக்கிள் ஓட்டுநரின் பின்னால் அமர்ந்து செல்லலாம். கூலியை முன்னரே பேசிக்கொள்ளுதல் நன்று.

எல்லாவற்றினும் மேலாக நாம் காட்டவேண்டியது, 'ஃபெரி' என்று எல்லாரும் வழங்கும் ஆறு கடத்தும் படகு. நடந்து வருவோரிடம் காசு பெறாது ஏற்றிச் செல்லும் வழக்கம் இப்படகுகளில் நெடுங்காலமாக உண்டு. மாண்டவியின்மேல் பணஜிக்கும் வடகரைக்கும் இடையே 1970-இல் பெரும்பாலம் திறக்கப்பட்டபோது, இனிப் படகுக்கு வேலையில்லை என்று கருதியோர் இருந்திருப்பர். 1986 ஜூலை 5-ஆம் நாள், மழைக்காலத்தின் நடுவே, அப்பாலம் இடிந்து ஆற்றில் வீழ்ந்தது. அதன் வயது பதினாறே ஆண்டு. மாற்றுப் பாலம் அமையும் வரை, அலுவலுக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் செல்வோரை வடகரையிலிருந்து தென்கரைக்குச் சுமந்தவை பழைய படகுகளே! பின்னர்ப் புதிய பாலங்கள் எழுந்தன. 2019-இல் கம்பிவடங்களால் தாங்கப்பெறும் மூன்றாம் பாலமும் திறக்கப்பட்டது. அவை நீடு நிற்பனவாக. ஆயினும், நானூறு ஆண்டு நிற்கும் கற்சாலையும், பதினாறு ஆண்டில் வீழ்ந்த பாலமும் அருகருகே அமைந்த இந்நகரம் ஒரு பாடத்தை நமக்குக் கற்பிக்கின்றது. புதுவழி திறக்கும்போது பழவழியை அடைத்துவிடலாகாது. துறையைக் காத்த ஊர் துன்பத்தில் பிழைத்தது.

இப்பாடம் சாலைக்கு மட்டும் உரியதன்று. லின்யாரிஸ் பாலச்சாலை வழியே பழைய கோவாவுக்குச் செல்வோர், புனித சவேரியாரின் உடல் வைக்கப்பெற்றுள்ள போம் ஜேசு ஆலயத்தைக் கண்டு திரும்புகின்றனர். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணிபுரிந்த அவரை நம்மவர் நாடிச் செல்லுதல் இயல்பே. ஆனால், அவ்வூரிலேயே தனித்து நிற்கும் ஒரு வாயில் வளைவை நாடுவோர் சிலரே. புனித பவுல் கல்லூரியில் எஞ்சி நிற்பது அவ்வளைவு ஒன்றே. 1556-இல் இந்தியாவின் முதல் அச்சுப்பொறி வந்து இறங்கியது இக்கல்லூரிக்கே. 1577-இல் தமிழ் எழுத்துகள் உலோகத்தில் வார்க்கப்பட்டதும் கோவாவிலேதான். அடுத்த ஆண்டு கொல்லத்தில் மேலும் எழுத்துகள் வார்க்கப்பட்டு, அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்க நூலாக வெளிவந்தது. இந்திய மொழிகளுள் முதன்முதல் தன் எழுத்திலேயே அச்சேறிய மொழி தமிழ் என்னும் பெருமை அதனால் நமக்கு வாய்த்தது.

பிழைப்புத் தேடி நாம் இங்கு வருவதற்கு நானூறு ஆண்டுகட்கு முன்பே நம் எழுத்து இங்கு வந்துவிட்டது. ஆகவே, இந்நகரில் நாம் முற்றிலும் அயலார் அல்லேம். ஆனால், உறவு என்பது உரிமை கொண்டாடுவதால் மட்டும் நிலைபெறாது, அறிவதால் நிலைபெறும். வாடகைக்கு இருப்பவன் தன் வீட்டு வாயிலை அறிவான். ஊரைச் சேர்ந்தவன் ஊரின் துறைகளையெல்லாம் அறிவான். நம் பிள்ளைகள் பள்ளியில் கொங்கணியும் மராத்தியும் பயில்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுகின்றனர். அவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை படகில் ஏற்றி மாண்டவியைக் கடந்து வரச் செய்வோம்; பாலச்சாலையின் வளைவுகளை எண்ணச் சொல்வோம்; பழைய கோவாவின் அந்த வாயிலின் முன் நிறுத்தி, "உன் எழுத்து வார்க்கப்பட்ட ஊர் இது" என்று கூறுவோம். அடுத்த ஆண்டு விருந்தினர் வரும்போது, அவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பை அப்பிள்ளைகளே ஏற்பார்கள்.