சுவரில் காடி விழுந்த கதை

வீட்டுச் சுவரில் காடி வெட்டி, குழாய் பதித்து, அதற்குள் வயர் இழுக்கும் வழக்கம் நம் ஊரில் மின்சாரத்தைவிட வயதில் மிகவும் இளையது. சென்னையில் 1895-லேயே மின்சார டிராம் ஓடியது. 1930-களில் பைக்காராவும் மேட்டூரும் நீர்மின்சாரம் தரத் தொடங்கின. 1957-இல் மின்வாரியம் உருவாகி, கிராமங்களுக்கும் கம்பம் போனது. இத்தனை காலமும் பெரும்பாலான வீடுகளில் வயர் சுவருக்கு வெளியேதான் ஓடியது. சுவரில் துளையிட்டு மரக்கட்டையை இறுக்கி, அதன்மேல் தேக்குப் பட்டியை ஆணியடித்துப் பொருத்துவார்கள். பட்டியின் மேல் ரப்பர் உறை வயரை வைத்துத் தகடு கிளிப்பால் மடக்கிப் பிடிப்பார்கள். கிடையாக ஓடும் வயருக்கு 10 சென்டிமீட்டருக்கு ஒரு கிளிப், செங்குத்தாக இறங்குவதற்கு 15 சென்டிமீட்டருக்கு ஒன்று என்பது கணக்கு. நூல் பிடித்தாற்போல் ஓடும் அந்தப் பட்டியைப் பார்த்தே வேலைக்காரரின் கை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடலாம். கோணலாகப் போனால் வீடு இருக்கும்வரை அது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

வயர் ஏன் சுவருக்குள் போயிற்று என்று கேட்டால், பி.வி.சி. குழாய் மலிவாக வந்தது, மக்களுக்கு அழகுணர்ச்சி கூடியது என்று எளிதாகப் பதில் வரும். இரண்டிலும் உண்மை உண்டு; ஆனால் காலக் கணக்கு இடிக்கிறது. குழாய்க்குள் வயரை இழுக்கும் முறை இரும்புக் குழாயோடு முன்பே இருந்தது. பி.வி.சி. மூலப்பொருளை 1960-களிலேயே மேட்டூரில் தயாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் புது வீடுகளில் தேக்குப் பட்டிதான் ஏறியது. அழகுதான் காரணம் என்றால், பர்மா தேக்குக்கும் இத்தாலியப் பளிங்குக்கும் செலவழித்த செட்டிநாட்டு வீட்டுக்காரர்கள் வயரை மறைக்கவும் செலவழித்திருப்பார்கள். அவர்களிடம் பணத்துக்குக் குறைவில்லை. சுவர்தான் இடம் தரவில்லை. வழவழப்பாகத் தேய்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சை ஓரிடத்தில் உடைத்தால் ஒட்டுப்போட்ட தடம் தெரியாமல் மூட முடியாது. அதைவிட முக்கியமான காரணம், அந்தச் சுவர்தான் மாடியையும் கூரையையும் தாங்கி நின்றது என்பது.

காடிக்கு வழிவிட்டது சுவரின் வேலை மாறியதுதான் என்பது என் முடிவு. பில்லரும் பீமும் எடையை ஏற்றுக்கொண்ட பிறகு, செங்கல் சுவர் இடத்தை மறைக்கும் தடுப்பாக இறங்கிவிட்டது. கட்டுமானத்தின் வரிசையும் அதோடு மாறியது. கட்டுவேலை முடிந்து பூச்சு தொடங்கும் முன் ஒரு இடைவெளி கிடைத்தது. எலக்ட்ரீஷியன் அந்த இடைவெளிக்குள் நுழைந்தார். சாக்பொடி நூலைச் சுண்டிக் கோடு போடுவது, கட்டர் மிஷினால் இரண்டு பக்கமும் கீறுவது, உளியும் சுத்தியலும் கொண்டு நடுச் செங்கலைப் பெயர்ப்பது, குழாயை ஆணியால் நிறுத்திச் சிமென்ட் கலவையால் மூடுவது எல்லாம் அந்தச் சில நாட்களுக்குள் முடிகின்றன. பூச்சு ஏறியதும் வேலையின் தடயமே இல்லை.

பழைய சுவர்கள் ஒன்றரை அடி கனம்கூட இருந்தனவே, அவற்றில் காடி வெட்டினால் என்ன கெட்டுவிடும் என்று ஒருவர் மறுக்கலாம். கனம் இருந்தது உண்மை. ஆனால் அவற்றில் பல சுண்ணாம்பிலோ மண்ணிலோ கட்டியவை. அந்தக் கலவை உளியின் அதிர்ச்சியில் இளகும். வெட்டிய இடத்தோடு சேதம் நிற்காது. இன்னொரு மறுப்பு கூர்மையானது: பில்லர் இல்லாமல் சுவர்மேலேயே கூரை போட்ட வீடுகள் இன்றும் ஏராளம், அவற்றிலும் காடி வெட்டத்தானே செய்கிறார்கள்? வெட்டுகிறார்கள், என் கவலையே அதுதான். பில்லர் வீட்டில் பழகிய கை, எடை தாங்கும் சுவரிலும் அதே வேகத்தில் கட்டரை ஓட்டுகிறது.

இதற்கு எழுதிவைத்த வரம்பு இருக்கிறது. செங்கல் கட்டுமானத்துக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 1905, எடை தாங்கும் சுவரில் செங்குத்துக் காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், கிடைக் காடி ஆறில் ஒரு பங்கையும் தாண்டக்கூடாது என்கிறது. கிடைக் காடியின் நீளமும் ஒரு மீட்டருக்கு மேல் போகக்கூடாது. 9 அங்குலச் சுவரில் செங்குத்தாக 3 அங்குலம் வரை இறங்கலாம். கிடையாக ஒன்றரை அங்குலம்தான். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் எளியது. எடை மேலிருந்து கீழே வருகிறது. செங்குத்துக் காடி அதன் பாதையோடு சேர்ந்து ஓடுகிறது, கிடைக் காடியோ குறுக்கே அறுத்து, சுவரின் பயன்படும் கனத்தை அந்த வரி முழுவதும் குறைத்துவிடுகிறது. இதே பங்கீட்டை நாலரை அங்குலச் சுவருக்குப் போட்டுப் பார்த்தால் கிடைக் காடிக்கு முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர் வரும். வீட்டு வயரிங்குக்குப் போடும் 25 மில்லிமீட்டர் குழாய் அதில் அடங்கவே அடங்காது. ஆனாலும் சுவிட்ச் போர்டிலிருந்து எதிர்மூலைப் பிளக் வரை சுவரின் குறுக்கே ஒரே கோடாக வெட்டுவது அன்றாடம் நடக்கிறது. குழாயும் வயரும் மிச்சம் என்பது சமாதானம். கான்கிரீட் ஊற்றும் முன்பே கூரைக் கம்பிகளுக்கிடையே குழாயைப் போட்டு, ஒவ்வொரு பாயின்டுக்கும் மேலிருந்து நேராக இறக்கினால் அந்தக் குறுக்கு வெட்டே தேவைப்படாது. கட்டி முடித்த பழைய வீடு என்றால் சுவர்மேல் ஒட்டும் பிளாஸ்டிக் பட்டி இருக்கிறது. அது கண்ணுக்கு உறுத்தும் என்று மறுப்பவர்கள், அதே சுவர்தான் தங்கள் தலைக்கு மேலுள்ள கூரையையும் தாங்குகிறதா என்று முதலில் கொத்தனாரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.